ஆய்வேட்டுக்கு உதவி: சிறுவயது மனக்காயமும் கல்லூரி மாணவர்களின் மனநலமும்

தெற்குத்தெரு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிறுவயது மனக்காயங்கள் கல்லூரி மாணவர்களின் மனச்சோர்வையும் பதற்றத்தையும் எப்படிப் பாதிக்கின்றன என்பது ஆய்வேட்டுத் தலைப்பு. திட்டம் எளிமையானதுதான். ஏஸ் (ACE, சிறுவயதுக் கசப்பான அனுபவங்கள்) பத்துக் கேள்விகளைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொள்வேன். மனச்சோர்வை அளக்க பி.எச்.க்யூ-9 கேள்வித்தாள், பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7. மூன்றையும் ஒரு கூகுள் ஃபார்மில் போட்டு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுக்கு விட்டால் முந்நூறு பேராவது கிடைப்பார்கள். ஏஸ் மதிப்பெண் கூடக்கூட மனச்சோர்வும் கூடும் என்பது கருதுகோள்.

வழிகாட்டி சரி சொல்லிவிட்டார். இங்கே மனநலத் துறையில் இருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள், ஒரு தடவை காட்டிவிட்டு இறங்கலாம் என்று நினைத்தேன். ஓட்டை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

நொச்சிமரம் எழுதியது:

தலைப்பு நல்லது. ஆனால் உங்கள் கருதுகோளுக்கு விடை 1998-லேயே வந்துவிட்டது.

அந்தக் கதை பலருக்குத் தெரிந்திருக்காது, சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் சான் டியேகோவில் கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல்பருமன் சிகிச்சை நடத்திவந்தார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் வராமல் நின்றுவிட்டார்கள். ஏன் என்று ஒவ்வொருவராக விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. அதன் தொடர்ச்சியாக ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து அவர் நடத்தியதுதான் ஏஸ் ஆய்வு. முதல் கட்டுரையில் 9,508 பேர், இரண்டு சுற்றும் சேர்த்து 17,000 பேருக்கு மேல். அடி, பாலியல் வன்முறை, வீட்டில் குடி, தாய் அடிவாங்குவதைப் பார்த்தது என்று வகை வகையாகக் கேட்டு, ஒரு வகைக்கு ஒரு மதிப்பெண் போட்டார்கள். நான்கும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்குக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு, ஒன்றுமே இல்லாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தது.

பிறகு பல நாடுகளில் செய்து பார்த்தார்கள், கோடு மேலேதான் ஏறியது. உங்கள் முந்நூறு பேரிலும் ஏறும். அந்தக் கோடு எதைக் காட்டுகிறது என்பதில்தான் சிக்கல். முதல் கட்டுரையில் பதில் சொன்னவர்களின் சராசரி வயது 56. பெரும்பாலும் வெள்ளையர்கள், காப்பீடு உள்ளவர்கள். அந்த வயதில் உட்கார்ந்து பத்து வயதில் நடந்ததை நினைவுகூர்ந்தவர்கள்.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

நான் புள்ளியியல்காரன், உளவியல் அரைகுறைதான். ஆனால் மேலே சொன்ன கடைசி வரி சாதாரண விஷயமில்லை.

2019-இல் ஜெசி பால்ட்வின் குழு வெளியிட்ட தொகுப்பாய்வைத் தேடிப் படியுங்கள். 16 ஆய்வுகள், 25,471 பேர். குழந்தையாக இருந்தபோதே பதிவான துன்புறுத்தலையும், வளர்ந்தபின் அதே ஆட்கள் தாங்களாகச் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பொருத்தம் 0.19. ஒன்று என்றால் முழுப் பொருத்தம், சுழியம் என்றால் தற்செயல். பதிவில் இருந்தவர்களில் 52 சதவீதம் பேர் பெரியவர்களானபின் அதைச் சொல்லவில்லை. சொன்னவர்களில் 56 சதவீதம் பேருக்குப் பதிவு இல்லை. ஏறக்குறைய இரண்டு வேறு கூட்டம்.

அடுத்த ஆண்டு ஆண்ட்ரியா டனேசியும் கேத்தி விடோமும் வெளியிட்டது இன்னும் சங்கடமானது. அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியில் 1967 முதல் 1971 வரை நீதிமன்ற ஆவணங்களில் துன்புறுத்தலோ புறக்கணிப்போ உறுதியான குழந்தைகளையும், அதே பின்னணி கொண்ட மற்றக் குழந்தைகளையும் அவர்கள் முப்பது வயதை நெருங்கும்போது நேர்காணல் செய்திருந்தார்கள். மொத்தம் 1,196 பேர். தன் வாயால் 'எனக்கு அது நடந்தது' என்று சொன்னவர்களுக்கு, ஆவணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மனநோய் வாய்ப்பு கூடுதல். ஆவணம் இருந்தும் அப்படிச் சொல்லாதவர்களுக்கு அது பெரிதாகக் கூடவில்லை.

இதை வைத்துப் பார்த்தால் உங்கள் ஃபார்ம் அளக்கப்போவது சிறுவயதில் நடந்ததை அல்ல. அதைப் பற்றி அவர்கள் இன்றைக்கு வைத்திருக்கும் நினைவை. அதுவும் மனச்சோர்வைக் கேட்கும் அதே பத்து நிமிடத்தில்.

தெற்குத்தெரு எழுதியது:

அப்படியானால் மாணவர்கள் சொல்வதை நம்பக் கூடாது என்கிறீர்களா? நடந்தது நடந்தது என்று சொல்பவரைப் பொய்யர் ஆக்குவது போல இருக்கிறதே.

நொச்சிமரம் எழுதியது:

இல்லவே இல்லை. அந்த முடிவுக்குப் பலர் அவசரமாகப் போய்விடுகிறார்கள்.

பதிவு இல்லை என்றால் நடக்கவில்லை என்று பொருளில்லை. நீதிமன்றம் வரை வருவது எத்தனை? பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் போவதுதான் அதிகம். இன்னொரு பக்கம், பதிவில் இருப்பவர் சொல்லாமல் விடுவதற்கும் காரணங்கள் உண்டு. மிகச் சின்ன வயதில் நடந்திருக்கும். அல்லது அதைத் தவறு என்று அவர் நினைக்காமலே இருப்பார். அல்லது யாரோ ஒரு மாணவியின் ஃபார்மில் ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிடுவார்.

இதோடு இன்னொன்றும் உண்டு. மனச்சோர்வில் இருக்கும்போது கெட்ட நினைவுகள்தான் முந்திக்கொண்டு வரும். அதனால் 'சிறுவயது மனக்காயம் மனச்சோர்வை உண்டாக்குகிறது' என்று உங்கள் ஆய்வேட்டில் எழுத முடியாது. 'நினைவிலிருக்கும் கசப்பான அனுபவங்களும் இப்போதைய மனச்சோர்வும் சேர்ந்தே காணப்படுகின்றன' என்று எழுதலாம். அதிலும் தவறில்லை. சிகிச்சைக்கு வருபவர் சுமந்துகொண்டு வருவது அந்த நினைவைத்தானே.

பனங்கிழங்கு எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் காலத்தில் வாத்தியார் பிரம்பு, அப்பா பெல்ட், அம்மா கரண்டி எல்லாம் பார்த்துத்தான் வளர்ந்தோம். யாருக்கும் ட்ராமா வரவில்லை. அமெரிக்காக்காரன் கேள்வித்தாளை இங்கே கொண்டுவந்து எல்லாப் பிள்ளைகளையும் நோயாளி ஆக்காதீர்கள். அப்பா அடித்தது அன்பினால் என்று பிள்ளைக்குத் தெரியும்.

சாலையோரம் எழுதியது:

ஐயா, குழந்தைகள் நலத்தில் வேலை செய்கிறேன். 'யாருக்கும் வரவில்லை' என்பது உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள். மூன்றில் இரண்டு பேர் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டிருந்தார்கள். பாலியல் துன்புறுத்தல் ஏதாவது ஒரு வடிவத்தில் நேர்ந்ததாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். இதில் ஆண்பிள்ளைகளும் சரிபாதி. 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்ததெல்லாம் இதற்குப் பிறகு வந்தது.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

பனங்கிழங்கு ஐயா சொன்னதில் பாதியை நான் ஏற்கிறேன், வேறு காரணத்துக்காக. எல்லோரும் அடி வாங்கியிருந்தால் 'அடி வாங்கினாயா' என்ற கேள்வியால் ஒரு பயனும் இல்லை. எல்லோரும் ஆம் என்பார்கள். யாரையும் யாரிடமிருந்தும் அது பிரித்துக் காட்டாது. எத்தனை தடவை, எதனால், தழும்பு விழுந்ததா, எந்த வயதில் நின்றது என்று இறங்கிக் கேட்க வேண்டும்.

நொச்சிமரம் எழுதியது:

அதோடு, 'நீங்கள் துன்புறுத்தப்பட்டீர்களா' என்று கேட்கவே கேட்காதீர்கள். பெல்ட்டால் தழும்பு விழ அடிவாங்கியவரும் இல்லை என்பார், ஏனென்றால் ஐயா சொன்னதுபோல அவர் கணக்கில் அது அன்பு. நடந்த செயலைக் கேளுங்கள். அதற்கு என்ன பெயர் என்று அவரை முடிவு செய்ய வைக்காதீர்கள்.

சிறுவயது மனக்காயத்தை அளக்க சி.டி.க்யூ என்று 28 கேள்விகள் கொண்ட கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியது. அதில் பதிலளிப்பவர் பூசி மெழுகுகிறாரா என்று பிடிக்க மூன்று கேள்விகள். 'என் குடும்பம்போல் வராது' என்ற தொனியில் இருக்கும். நம்மூரில் அதற்கு இல்லை என்று டிக் செய்ய எத்தனை பிள்ளைக்குக் கை வரும்? அம்மா அப்பாவை விட்டுக்கொடுக்காமல் பேசுவது இங்கே வளர்ப்பிலேயே வந்துவிடுகிறது. அந்த மூன்றையும் அப்படியே மொழிபெயர்த்துவிட்டு 'மறைக்கிறார்கள்' என்று முடிவு கட்டினால் தப்பாகப் போகும் என்பது என் எண்ணம்.

வடமராட்சியான் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணத்தில் உளவளத்துணையாளர். 'அமெரிக்காக்காரன் கேள்வித்தாள்' என்று ஒருவர் எழுதியதால்தான் வந்தேன். தமிழ்ப் பிள்ளைகளிடமே செய்த ஆய்வு இருக்கிறது.

கிளாடியா கட்டானி, எலிசபெத் ஷௌவர், ஃபிராங்க் நொய்னர் முதலானோர் 2008-இல் வெளியிட்டது. இலங்கையின் வடகிழக்கில் 9 முதல் 15 வயது வரையான 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள். 82.4 வீதமானோர் போரோடு சம்பந்தப்பட்ட ஏதாவது ஒரு கொடிய சம்பவத்தைச் சந்தித்திருந்தார்கள். இதை எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். வீட்டுக்குள் ஏதாவது ஒரு வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னவர்கள் 95.6 வீதம். போரைவிட அதிகம். நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோய் (PTSD) 30.4 வீதமானோருக்கும், மனச்சோர்வு 19.6 வீதமானோருக்கும் இருந்தது. போர், சுனாமி, வீட்டு வன்முறை மூன்றுக்கும் தனித்தனிப் பங்கு இருந்தது. ஒன்று இருந்தால் மற்றது மறைந்துவிடவில்லை.

பிள்ளை வீட்டில் அடிபடுவதை எது முன்கூட்டிக் காட்டியது தெரியுமா? தகப்பனின் குடியும், போருக்கு முகம்கொடுத்த அளவும். போர் வாசலில் நிற்காமல் வீட்டுக்குள் வந்து, சாராயப் போத்தல் வழியாகப் பிள்ளையின் முதுகில் இறங்கியிருக்கிறது. இங்கே வேலை செய்கிற எங்களுக்கு அது புதிதில்லை. எண்களில் பார்த்ததுதான் புதிது.

கைத்ரி பெர்னாண்டோ, கென்னத் மில்லர் இருவரும் டேல் பெர்கரோடு சேர்ந்து 2010-இல் எழுதியதையும் பாருங்கள். இலங்கை இளையோர் 427 பேர். சுனாமி, போர் போன்ற பெரிய சம்பவங்களுக்குப் பக்கத்தில் வறுமை, பாதுகாப்பில்லாத வீடு, குடும்பச் சண்டை மாதிரியான அன்றாட நெருக்கடிகளையும் கேட்டார்கள். இளையோர் படும் பாட்டில் பெரும்பங்கு அந்த அன்றாட நெருக்கடிகளோடு சேர்ந்திருந்தது. பெரிய சம்பவத்தை மட்டும் கேட்டிருந்தால் முழுப் பழியும் அதன் தலையில் விழுந்திருக்கும்.

உங்கள் ஃபார்மில் கட்டணம் கட்ட முடியாமல் தவிப்பது, சாதி சொல்லித் திட்டுவது, விடுதியில் ராகிங் எல்லாம் எங்கே? அவற்றை விட்டுவிட்டால் எல்லாம் அம்மா அப்பாவின் கணக்கில் போய்ச் சேரும். உலக சுகாதார நிறுவனத்தின் ஏஸ்-ஐ.க்யூ கேள்வித்தாளில் சக பிள்ளைகளின் வன்முறை, ஊர் வன்முறை, கலவரம், போர் எல்லாம் சேர்த்திருக்கிறார்கள். 18 வயதைத் தாண்டியவர்களுக்காக ஆக்கியது. பழைய பத்துக் கேள்வியைவிட அது உங்களுக்குப் பொருந்தும்.

பனங்கிழங்கு எழுதியது:

வடமராட்சியான் எழுதியதைப் படித்தேன். குடி பற்றிச் சொன்னது சரி, என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. இவ்வளவு பட்டும் நன்றாக வாழ்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி யாரும் ஆய்வு செய்ய மாட்டீர்களா?

நொச்சிமரம் எழுதியது:

செய்திருக்கிறார்கள், நிறையவே. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 பேரை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். வறுமை, குடும்பச் சிக்கல் எனப் பல ஆபத்துகளோடு பிறந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் நன்றாகவே வளர்ந்தார்கள். வீட்டிலோ வெளியிலோ, நம்பிப் பற்றிக்கொள்ள அக்கறையுள்ள ஒரு பெரியவர் அவர்களுக்கு இருந்தார் என்பது திரும்பத் திரும்பத் தெரிந்தது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ருமேனியா. 1989-இல் சௌஷெஸ்கு ஆட்சி விழுந்தபோது அங்கே அரசு விடுதிகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள். தூக்க ஆளில்லை, பேச ஆளில்லை. ருமேனியாவிலிருந்து இங்கிலாந்துக் குடும்பங்கள் தத்தெடுத்த 165 பேரை, பெரும்பாலும் விடுதிப் பிள்ளைகள், மைக்கேல் ரட்டர் குழு தொடர்ந்தது. ஆறு மாதத்துக்குள் விடுதியிலிருந்து வெளியே வந்தவர்களுக்கும் இங்கிலாந்திலேயே தத்தெடுக்கப்பட்டவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதற்கு மேல் இருந்தவர்களுக்குக் கவனக்குறைவு, சமூகத்தோடு ஒட்டாமை போன்றவை இளம்வயதிலும் தொடர்ந்தன. ஐயா கேட்டவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள்: அந்தக் கூட்டத்திலும் ஐந்தில் ஒருவர் எந்தக் கட்டத்திலும் பிரச்சினை இல்லாமலே வளர்ந்தார்.

இந்த இழைக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி ஒன்று அதே ஆய்விலிருந்து 2017-இல் வந்தது. படிப்பு, அறிவுத்திறனில் பின்தங்கியிருந்தவர்கள் இருபதுகளில் எட்டிப்பிடித்துவிட்டார்கள். மனச்சோர்வு, பதற்றம் மாதிரியான சிக்கல்களோ சிறுவயதில் அவ்வளவாகத் தெரியாமல், இருபதுகளின் தொடக்கத்தில் தலைதூக்கின. பதினொரு வயதில் அளந்துவிட்டு 'பிள்ளை நன்றாக இருக்கிறது' என்று கோப்பை மூடியிருந்தால் தவறவிட்டிருப்போம். தெற்குத்தெரு, நீங்கள் கல்லூரி வயதை எடுத்தது அதனால்தான் நல்ல தேர்வு.

ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் இன்னோர் ஆய்வு நடந்தது, அதுவே சரியான சோதனை. விடுதிக் குழந்தைகள் 136 பேரில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். போனவர்கள் பல விதங்களில் தேறினார்கள். பெரியவர்களோடு பாசப்பிணைப்பு உருவாவதில் இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் மேல். சூழல் மாறினால் குழந்தையும் மாறுகிறது என்று நினைவை நம்பாமல் காட்டியது அது. குலுக்கலில் விடுதியிலேயே தங்கிப்போன மீதிப் பாதியை நினைத்தால் எனக்கு இன்றும் உறுத்தும். அது தனி இழைக்கான சண்டை.

இரவல்குடை எழுதியது:

கணக்கு தொடங்கியதே இதைக் கேட்கத்தான். இணையத்தில் அந்தப் பத்துக் கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். ஆறு வந்தது. ஆறுக்கு மேல் என்றால் ஆயுசு குறைவு என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வயது 21. என் கதை அவ்வளவுதானா?

நொச்சிமரம் எழுதியது:

இல்லை. அந்த எண்ணுக்கு அப்படி ஒரு சக்தி கிடையாது.

ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும் சராசரி அது. அதிலிருந்து ஒரு தனி ஆளின் வருங்காலத்தைச் சொல்ல முடியாது. அந்த ஆய்வை நடத்திய ஆண்டாவே 2020-இல் இதைத் தனிநபருக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதினார். ஒரே தடவை நடந்தாலும் அதில் ஒரு மதிப்பெண், பத்து வருடம் நடந்தாலும் அதே ஒரு மதிப்பெண். அப்போது உங்கள் பக்கம் யார் நின்றார்கள் என்று அது கேட்பதே இல்லை. மறு வருடம் இங்கிலாந்து, நியூசிலாந்து ஆய்வுகளின் தரவை வைத்துச் சோதித்தபோதும், யாருக்கு நோய் வரும் என்று ஆளாளுக்குப் பிரித்துச் சொல்வதில் அது சோபிக்கவில்லை.

உங்களுக்கு அந்த ஆறைவிட, இப்போது தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, சாக வேண்டும் என்று எண்ணம் வருகிறதா என்பதுதான் முக்கியம். வந்தால் இன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம். தனிச்செய்தியில் எனக்கும் எழுதலாம்.

சாலையோரம் எழுதியது:

இரவல்குடையின் பதிவைப் பார்த்த பிறகு தெற்குத்தெருவிடம் கேட்கிறேன். உங்கள் ஃபார்மை நிரப்பியவரும் இதே இடத்தில் நின்றால் என்ன செய்வீர்கள்? பி.எச்.க்யூ-9-இன் ஒன்பதாவது கேள்வியே செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா என்பதுதான். இரவு இரண்டு மணிக்கு ஒருவர் 'ஏறக்குறைய தினமும்' என்று டிக் செய்கிறார். பெயர் இல்லை, எண் இல்லை. காலையில் உங்கள் விரிதாளில் ஒரு '3' ஆக வந்து உட்காரும். நீங்கள் அதைப் பார்ப்பது இரண்டு வாரம் கழித்தாக இருக்கலாம்.

அடுத்தது வயது. முதலாம் ஆண்டில் 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். 18 வயது ஆகாதவர்மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. ஆய்வாளருக்கு அதில் விலக்கு இல்லை, தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவில் தண்டனையும் உண்டு. ஆகவே 18 முடிந்தவர்கள் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வாங்கினீர்களா? வழிகாட்டி சரி சொன்னது அந்தக் கணக்கில் வராது.

இன்னும் ஒன்று, விடுதி அறையில் நான்கு பேர் ஒரே கட்டிலில் உட்கார்ந்து ஒரே போனில் ஃபார்ம் நிரப்புவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதில்களை வைத்து என்ன செய்வது?

வடமராட்சியான் எழுதியது:

கேட்பதாலேயே எல்லோரும் உடைந்துபோவார்கள் என்று பயப்படவும் வேண்டாம். இதுவரை வந்த ஆய்வுகளின்படி, பெரும்பாலானோர் பங்கெடுத்ததற்காக வருத்தப்படுவதில்லை. கேட்டுவிட்டு ஆளைக் காணாமல் போவதுதான் பிழை.

தெற்குத்தெரு எழுதியது:

எல்லாவற்றையும் வழிகாட்டியிடம் காட்டினேன். அவருக்குக் கொஞ்சம் கோபம், ஆனால் மறுக்கவில்லை. மாற்றியது இதுதான்.

வாட்ஸ்அப் இல்லை. வகுப்பறையில் தாளில், தள்ளித்தள்ளி உட்காரவைத்து, நான் அங்கேயே இருப்பேன். கல்லூரிக் கவுன்சிலரும் பக்கத்து அறையில் இருக்கச் சம்மதித்துவிட்டார். 18 முடிந்தவர்கள் மட்டும். கடைசிப் பக்கம் கிழித்து எடுத்துப்போகலாம், அதில் 14416 எண்ணும் கவுன்சிலரின் நேரமும். பேச விரும்புபவர்கள் எழுதிப் போட ஒரு தனிப் பெட்டி. ஒன்பதாவது கேள்வி இருக்கிற பி.எச்.க்யூ-9-க்குப் பதில் அந்தக் கேள்வி இல்லாத பி.எச்.க்யூ-8. ஏஸ் பத்துக் கேள்விக்குப் பதில் ஏஸ்-ஐ.க்யூ. கூடவே அன்றாட நெருக்கடிகள், அப்போது பக்கத்தில் நின்ற பெரியவர் யாராவது உண்டா என்ற கேள்வி. அது பனங்கிழங்கு ஐயாவுக்காக.

நினைவிலிருக்கும் அனுபவம், இப்போதைய நெருக்கடி இரண்டில் எது மனச்சோர்வோடு கூடுதலாகச் சேர்கிறது என்பதே இனி கேள்வி. ஆனால் இப்படிச் செய்தால் முந்நூறு பேர் கிடைக்க மாட்டார்கள், நூற்றைம்பது வந்தால் பெரிது. போதுமா?

சாலையோரம் எழுதியது:

ஒன்பதாவது கேள்வியை எடுத்துவிட்டதால் அந்த எண்ணம் உள்ளவர்கள் அறையில் இல்லாமல் போய்விட மாட்டார்கள். கவுன்சிலர் அன்று மட்டும் இல்லாமல் அந்த வாரம் முழுக்க நேரம் ஒதுக்கட்டும்.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

ஏஸ்-ஐ.க்யூ-வின் 13 வகைகளையும் தனித்தனியாகப் புள்ளியியல் கணக்கில் போட்டால் நூற்றைம்பது போதாது. முன்கூட்டியே சிலதாகத் தொகுத்துக்கொள்ளுங்கள். உளவியல் ஆய்வாளர்கள் மக்லாக்லினும் ஷெரிடனும் பிரிப்பது போல, அச்சுறுத்தல் ஒரு பக்கம், கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போனது ஒரு பக்கம். மூன்றாவதாக அன்றாட நெருக்கடி. மூன்று மாறிகளுக்கு நூற்றைம்பது தாராளம். தரவு வருவதற்கு முன்பே தொகுப்பை எழுதித் தேதி போட்டு வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள், பிறகு மாற்றும் ஆசை வரும்.

பனங்கிழங்கு எழுதியது:

பக்கத்தில் நின்ற பெரியவர் என்று கேட்கும்போது பாட்டியைத் தனியாகப் போடுங்கள். எங்கள் வீட்டில் பெல்ட்டைப் பிடுங்கி ஒளித்துவைத்தது அவர்தான்.

தெற்குத்தெரு எழுதியது:

தாத்தா பாட்டி, மாமா அத்தை, ஆசிரியர், பக்கத்து வீட்டார் என்று பிரித்துப் போட்டுவிட்டேன் ஐயா. நெறிமுறைக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. என்ன சொல்கிறார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.